அம்மா குடியிருக்கும்போதே பழைய பலகை வீட்டைப் புதுப்பிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ரப்பர்த் தோட்டத்தில் வேலை முடிந்தால், தோட்டம் தொழிலாளர்களுக்குத் தரும் வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அந்தக் கவலையில் எங்கள் அப்பா, தெம்பிருந்த காலத்திலேயே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலகை சேர்த்து வீடு கட்டினார். முன்பாதி சிமெண்டுக் கால்களின் மேல் நிற்கும் பலகை வீடு. பின்பாதி தரையோடு தரையாகச் சிமெண்டு போட்ட சமையலறை. கழிவறை கொல்லையில். மேலே தகரம். தோட்டப்புறத்தை ஒட்டிய ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

அப்பா போய்விட்டார். அம்மாவும் கடைசித் தம்பியும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். மற்ற நாங்கள் நால்வரும் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போனவர்கள். ஒரு பொங்கலுக்கு எல்லாரும் கூடியபோது வீட்டைப் புதுப்பிக்கலாம் என்ற பேச்சு வந்தது. ஆளுக்கொரு படத்தைத் தொலைபேசியில் காட்டினோம். பெரியண்ணனுக்கு முன்னால் கார் நிறுத்தக் கூரை வேண்டும். தங்கைக்குச் சமையலறையில் தீவு மேசை வேண்டும். எனக்கு வரவேற்பறையில் பெரிய கண்ணாடிக் கதவு. அம்மா பேசாமல் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே போய்க் கேட்டேன். "ராத்திரியில கக்கூஸுக்குக் கொல்லைப்பக்கம் இறங்காம இருந்தா போதும்மா" என்றார்.

எங்கள் பட்டியல்களில் ஒன்றில்கூட அது இல்லை. இந்த வழிகாட்டியின் முதல் படி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1. முதலில் குடியிருப்பவரைக் கேளுங்கள்

பணம் அனுப்புகிறவர் ஒரு பக்கம், அந்த வீட்டில் தூங்கி எழுகிறவர் ஒரு பக்கம். குடும்பமாகச் செய்யும் வேலையில் சண்டை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வெடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு நாள் முழுக்க அம்மாவோடு வீட்டில் இருந்து, அவர் எங்கே குனிகிறார், எங்கே சுவரைப் பிடிக்கிறார், எங்கே வாளியைத் தூக்குகிறார் என்று தம்பி ஒரு நோட்டில் எழுதினான். சமையலறைக்கு இறங்கும் இரண்டு படியில் அம்மா ஒவ்வொரு முறையும் கதவு நிலையைப் பிடித்துத்தான் இறங்குகிறார். அந்த இடத்தில் மட்டும் நிலையின் வண்ணம் தேய்ந்து, மரம் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. நாங்கள் எத்தனையோ முறை வந்து போனவர்கள்தான். ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

அந்த நோட்டை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, உயிருக்கும் உடம்புக்கும் ஆபத்தானவை: ஒழுகும் கூரை, பழைய மின்கம்பி, வழுக்கும் தரை. இரண்டு, அன்றாடத் தொல்லைகள். மூன்று, ஆசைகள். பணம் இந்த வரிசையில்தான் செலவாக வேண்டும். கார்க் கூரையும் தீவு மேசையும் கண்ணாடிக் கதவும் மூன்றாவதில் விழுந்தன. அண்ணன் இரண்டு வாரம் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டார்.

கூடவே இன்னொன்றும் முடிவு செய்யுங்கள்: வேலைக்காரர்களிடம் பேசுவது ஒரே ஒரு ஆள். எங்களுக்கு அது தம்பி. யாருக்கு என்ன மாற்றம் வேண்டுமானாலும் அவனிடம்தான் சொல்ல வேண்டும். ஐந்து பேரும் ஐந்து விதமாகத் தொலைபேசியில் அழைத்தால் தவுக்கே (வேலையை எடுத்த முதலாளி) தனக்கு எது லாபமோ அதைத்தான் கேட்டதாகச் சொல்வார்.

2. கிராண்ட் (நிலப்பட்டா) யார் பெயரில் இருக்கிறது?

இதைப் பார்க்காமல் ஒரு ஆணி அடிக்க வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் மூன்று விதமான நிலை உண்டு.

வீடு இன்னும் தோட்டத்துக்குச் சொந்தமான நிலத்தில் இருந்தால், எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் சுவரும் கூரையும் உங்களுடையவை ஆகாது. அங்கே கைக்காசைப் போடுவதற்கு முன் நூறு முறை யோசியுங்கள்.

நிலம் டி.ஓ.எல். என்னும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருந்தால், அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 உடன் முடியும். புதுப்பித்தால்தான் அடுத்த ஆண்டு. அதை விற்கவும் முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. அதில் பெரிய கல் கட்டடம் எழுப்புவது ஆற்றில் புளியைக் கரைத்த கதைதான்.

கிராண்ட் இருக்கிறது, ஆனால் இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது என்பது மூன்றாவது நிலை. எங்களுடையதும் இதுதான். கட்டட வரைபடத்துக்கு நிலச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், வங்கிக் கடனுக்கும் வேண்டும். உயில் எழுதாமல் போயிருந்தால் தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு 1958 ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பொருந்தும். இறந்தவரின் தாய் தந்தை உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. அசையாச் சொத்து உள்ள சிறிய சொத்துகளை 1955 ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி நில அலுவலக வழியாகவே முடித்துக்கொள்ளலாம். விசாரணை நாளில் பிள்ளைகள் தங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாதக் கணக்கில் இழுக்கும், ஆகவே வீட்டு வேலைக்கு வெகு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

3. காலண்டரைப் பாருங்கள்

தீபாவளிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை போட்டு அடிக்கும். தீபாவளி வருவதும் அந்த இரண்டாவது மழையில்தான். கூரையைப் பிரிக்க ஜூன், ஜூலை நல்லது, அடுத்ததாக ஜனவரி, பிப்ரவரி. ஆனால் சீனப் புத்தாண்டுக்குத் தவுக்கே கடையை மூடிவிடுவார், நோன்புப் பெருநாளுக்கு இந்தோனேசிய வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆடியில் புது வேலை தொடங்கக் கூடாது என்பார் அம்மா. இதையெல்லாம் கழித்துவிட்டு எங்களுக்கு மிஞ்சியது ஜூன் முதல் வாரம். வைகாசியிலேயே பூஜை போட்டுத் தொடங்கிவிட்டதால் ஆடியிலும் வேலை நடந்தது. தொடங்கினதைத் தொடரலாமாம், அம்மாவே சொன்னார்.

4. ஒரு திருகாணிச் சுழற்றியும் ஒரு டார்ச்சும்

காண்ட்ரெக்டரை அழைப்பதற்கு முன் நீங்களே ஒரு முறை வீட்டைச் சோதியுங்கள். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் விலை கேட்டால், கேட்கும் விலை எல்லாமே நியாயமாகத்தான் தோன்றும்.

வீட்டுக்கு அடியில் நுழைந்து ஒவ்வொரு தூணின் அடியையும் திருகாணிச் சுழற்றியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று தடுக்கும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு தூண்களில் ஒன்பது அப்படித் தடுத்தன. குளியலறைப் பக்கம் இருந்த மூன்றில் சுழற்றி, ரொட்டியில் கத்தி இறங்குவதுபோல் பிடி வரைக்கும் போனது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரத் தூள் ஒட்டியிருந்தது. மேலே பூசிய வண்ணம் மட்டும் அந்தத் தூணைத் தூண்போல் காட்டிக்கொண்டிருந்தது.

சிமெண்டுக் காலின் மேல் பென்சில் பருமனுக்கு மண் குழாய் ஏறியிருந்தால் அது கரையான் பாதை. அதைப் பார்த்ததும் கடையில் விற்கும் மருந்தை வாங்கி அடிக்காதீர்கள். நான் அடித்தேன். மண்ணுக்கடியில் இருக்கும் கூடு அப்படியே இருக்க, அவை பாதையை மட்டும் மாற்றிக்கொண்டு, மூன்று வாரத்தில் அம்மாவின் துணி அலமாரிக்குப் பின்னால் வெளிப்பட்டன. குழாயைக் கலைக்காமல் விட்டு, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களை அழையுங்கள். அவர்கள் மண்ணில் துளையிட்டு மருந்து செலுத்துவார்கள், அல்லது பாதையிலேயே இரை வைப்பார்கள். இரை வைக்கும் முறைக்குக் கரையான் நடமாட்டம் இருக்க வேண்டும், கலைத்துவிட்டால் வைக்க இடம் இருக்காது. பக்கத்தில் பழைய ரப்பர் மரக் கட்டை மண்ணில் புதைந்து கிடந்தால் அதையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்து, மழை பெய்யும் நேரத்தில் சிலிங்குக்கு மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். தகரத்தில் ஓட்டை இருந்தால் பகலில் நட்சத்திரம் போல் தெரியும். தண்ணீர் சொட்டுகிற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, கட்டை வழியாக ஓடி வந்து வேறெங்கோ சொட்டும்.

5. அனுமதி, காண்ட்ரெக்டர், பணம்

சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின்கீழ் வருகிறது. 1974 ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70 ஆவது பிரிவுப்படி, கட்டடத்தைப் பெரிதாக்குவதற்கும் மாற்றிக் கட்டுவதற்கும் முன்அனுமதி வேண்டும். பழைய தகரத்தை எடுத்துப் புதுத் தகரம் போடுவது, வண்ணம் அடிப்பது போன்ற பழுதுபார்ப்பு வேறு, சமையலறையைப் பின்னால் இழுப்பது வேறு. எது எதில் சேரும் என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். வரைபடம் போட பதிவு பெற்ற வரைவாளர் போதும்.

காண்ட்ரெக்டர் விஷயத்தில் எங்கள் முதல் அனுபவம் கசப்பு. தெரிந்தவர் சொன்னாரே என்று ஒருவரிடம் பாதிப் பணத்தைக் கொடுத்தோம். மூன்று லோரி மணல் வந்து வாசலில் இறங்கியது. அதோடு சரி. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, பின்பு அதுவும் நின்றது. அந்த மணலை இரண்டாவது ஆள் பயன்படுத்திக்கொண்டார் என்பதுதான் ஒரே ஆறுதல்.

ஆகவே குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் போட்ட காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். தகரம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எந்த மரம், கம்பி எந்த அளவு, குப்பையை அள்ளுவது யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பணம் பத்து முதல் இருபது விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வையுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். "பழசு எல்லாம் நான் எடுத்துட்டுப் போறேன், காசு வேணாம்" என்று ஒருவர் தாராளமாகச் சொன்னால் உஷாராகுங்கள். பழைய தூணும் உத்தரமும் செங்கால் மரமாக இருக்கலாம். மலேசியக் கன மரங்களில் அது முதல் வரிசை, பழைய பலகைக்கும் நல்ல விலை உண்டு. எங்கள் வீட்டில் கழற்றிய செங்கால் கட்டைகளை இழைத்துத் திண்ணைக்கு ஒரு பெஞ்சு செய்தோம்.

பணத்துக்கு ஊழியர் சேமநிதியை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு வாங்கவும் கட்டவும் பணம் எடுக்கும் திட்டம் உண்டு, வெறும் புதுப்பிப்புக்கு அது கிடையாது. 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கில் இருப்பதை எதற்கும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி (ரிங்கிட்). எப்படித் திரட்டினாலும் திட்டத்தொகைக்கு மேல் பதினைந்து விழுக்காட்டைத் தனியே ஒதுக்குங்கள். பலகையைப் பிரித்த பிறகுதான் பழைய வீடு தன் வயதைக் காட்டும்.

6. வேலை நடக்கும்போது அம்மா எங்கே இருப்பார்?

கோலாலம்பூருக்கு அழைத்தோம். "கோழிக்கு யாரு தீனி போடறது?" என்றார். வரமாட்டார் என்று தெரிந்ததும், வீட்டை இரண்டாகப் பிரித்தோம். முதலில் பின்பாதி. அது முடியும் வரை முன்னறையில் எரிவாயு அடுப்பு, ஒரு மேசை, இரண்டு தண்ணீர்த் தொட்டி. அப்புறம் இடம் மாற்றம். செலவும் நாளும் கூடும்தான். ஆனாலும் வயதானவரை மூன்று மாதம் இடம் மாற்றி வைப்பதைவிட இது எங்களுக்குப் பரவாயில்லை என்று பட்டது. சாமி மேடையை மட்டும் கடைசி வரை நகர்த்தவில்லை, பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி மூடியிருந்தோம். விளக்கேற்ற மட்டும் ஒரு பக்கம் திறக்கும்.

வாளி, டிரம், சிமெண்டுத் தொட்டி எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுக் குஞ்சு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் போடுவார்கள், அது வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

7. கூரையிலிருந்து கீழே

வேலையின் வரிசை இது: கூரை, தூண், குழாய், மின்கம்பி, தரை, கடைசியில் வண்ணம். மாற்றினால் செய்ததையே மறுபடி உடைப்பீர்கள்.

பழைய சிலிங் பலகையும் நெளிநெளியான சாம்பல் நிறக் கூரைத் தகடும் அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை அறுக்கவோ, உடைத்துக் கீழே போடவோ, காய்ந்த துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. தூள்தான் நுரையீரலுக்கு எமன். அனுபவமுள்ள ஆட்கள் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முழுத் தகடாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் கட்டி எடுத்துப் போவார்கள். அது சாதாரணக் குப்பை ஆகாது, எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அன்றைக்கு மட்டும் அம்மாவை அத்தை வீட்டில் விட்டு வந்தோம், கோழிகளோடு.

புதுத் தகரத்துக்கு அடியில் வெப்பம் தடுக்கும் படலத்தையும் பஞ்சு விரிப்பையும் போடுங்கள். மதியச் சூடும் குறையும், மழைச் சத்தமும் குறையும். சத்தம் ரொம்பக் குறைந்துவிட்டது என்று அம்மாவுக்கு இன்னும் ஒரு குறை உண்டு. உயரத்தில் இருக்கும் காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள், குளிர்சாதனம் போடுவதாக இருந்தாலும் ஓர் அறையில் மட்டும் போடுங்கள். அந்தக் காலத்துத் தச்சர்கள் அவற்றை விளையாட்டுக்கு வைக்கவில்லை.

தூண் மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான். பக்கத்தில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, கெட்ட பகுதியை அறுத்து, சிமெண்டுக் காலை உயர்த்திக் கட்டலாம். முழுத் தூணும் மாற வேண்டியதில்லை.

8. கழிவறையை உள்ளே கொண்டு வருவது

இதற்குத்தான் இத்தனையும். சமையலறையை ஒட்டி ஆறுக்கு எட்டு அடியில் புது அறை கட்டினோம். இதில் பலர் செய்யும் தவறு, புதுச் சுவரைப் பழைய சுவரோடு இறுக்கி இணைப்பது. பழைய கட்டடம் எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் பிணைத்தால் ஓராண்டுக்குள் இணைப்பில் விரிசல் வந்து மழை உள்ளே வரும். புது அறைக்குத் தனி அடித்தளம் போட்டு, இடையில் சிறு இடைவெளி விட்டு, வளைந்து கொடுக்கும் பசையால் நிரப்பி, மேலே தகரப் பட்டை கொடுங்கள்.

தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை. அது காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு முழு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் ஓடு ஒட்ட வேண்டும். "இதெல்லாம் எதுக்கு" என்று ஓடு ஒட்டுகிறவர் அவசரப்படுவார், விடாதீர்கள். ஓடு சொரசொரப்பாக இருக்கட்டும். வாசலில் படி வேண்டாம், சரிவு போதும். கைப்பிடிக் கம்பியை அம்மாவை உட்கார வைத்து, எழச் சொல்லி, கை எங்கே தேடுகிறதோ அங்கே பென்சிலால் குறித்துப் பொருத்துங்கள். தனிக் கழிவுநீர்த் தொட்டி உள்ள வீடு என்றால் வேலைக்கு முன் அதைத் துப்புரவு செய்துவிடுங்கள்.

9. மின்சாரம்

மரச் சட்டத்தின் மேல் உலோகக் கிளிப்பில் ஓடும் பழைய கம்பியும் பீங்கான் பியூஸும் இருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், முழுதாக மாற்றுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் பாரம் ஜி, பாரம் எச் என்ற இரண்டு படிவங்களையும் கேட்டு வாங்குங்கள். முதலாவது வேலையின் நிறைவுச் சான்றிதழ், மற்றது சோதனைச் சான்றிதழ்.

மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சாதனத்தில் அளவு முக்கியம். கையில் பிடிக்கும் சாமான்களைச் செருகும் பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர், குளியலறைச் சுடுநீர்க் கருவி போல ஈரத்தில் பயன்படுவதற்கு 10 மில்லிஆம்பியர். வீட்டுக்கே ஒன்றாக 100 மில்லிஆம்பியர் மட்டும் வைத்து முடித்துவிடப் பார்ப்பார்கள். மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தோம். படுக்கையிலிருந்து கழிவறை வரை முழங்கால் உயரத்தில் இரண்டு சிறு விளக்குகள் வைத்தது இந்த வீட்டில் நான் சொல்லி நடந்த ஒரே நல்ல காரியம்.

10. வண்ணம், மிச்சம்

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டாமல் நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். மற்றபடி பலகைக்கு வெளிப்புற வண்ணம், வெட்டு முனைகளில் இன்னொரு கை கூடுதலாக. அவ்வளவுதான்.

அந்தத் தேய்ந்த கதவு நிலைக்கு மட்டும் வண்ணம் அடிக்க வேண்டாம் என்றார் அம்மா. அங்கே இப்போது படியில்லை, சரிவுதான். போகிற போக்கில் கை தானாக அதைத் தொடுகிறது. நவம்பர் மழையெல்லாம் பார்த்துவிட்டு, டிசம்பர் கடைசியில் தவுக்கேக்கு அந்தப் பத்து விழுக்காட்டைக் கொடுத்தோம். கொல்லையில் இருக்கும் பழைய கழிவறையை இடிக்கலாமா என்று அவர் கேட்டார். கோழிக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் அம்மா.